மாவுப் பாக்கெட்டில் காப்பி வால்வு

முப்பத்திரண்டு வயதில் வேலையை விட்டுப் போகிறவள் பணி அனுபவம் எழுதுவதா என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். அடுத்தவர்கள் கண்டுபிடித்ததையெல்லாம் எழுதி எழுதி, நானும் எதையாவது செய்து பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கிறது, அதனால் போகிறேன். போவதற்கு முன் ஒரே ஒரு வழக்கைப் பற்றி உங்களிடம் பெருமையடித்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். எந்தப் படிவத்தை எப்போது போடுவது என்று, காப்புரிமை வழக்குகள் நடத்தும் இந்த அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விசாரணையில் எல்லாரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது எதை விடுவது, எதைப் பிடித்துக்கொள்வது என்பதைத்தான் யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை.

காப்புரிமைத் தொழிலில் மனிதரை அதிகம் படுத்துகிற கேள்வி ஒன்று உண்டு. ஏற்கெனவே இருக்கும் இரண்டு பொருள்களைச் சேர்த்து ஒருவர் மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறார். அது கண்டுபிடிப்பா, அல்லது துறை தெரிந்த எந்த ஆளும் சாதாரணமாகச் செய்திருக்கக்கூடியதா? இரண்டாவது என்றால் காப்புரிமை கிடையாது. கேள்வி எளிதுதான். வில்லங்கம் எங்கே என்றால், பதில் சொல்ல உட்காரும் நீங்கள் அந்தக் கண்டுபிடிப்பை ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். படித்த பிறகு எல்லாமே சுலபமாகத்தான் தெரியும். ‘இதை வைத்திருக்கிறான், அதை வைத்திருக்கிறான், இரண்டையும் ஒட்டியிருக்கிறான், இதில் என்ன இருக்கிறது?’ என்று தோன்றும். அந்தச் சுலபம் கண்டுபிடித்தவர் உங்களுக்குக் கொடுத்தது. அதை நம் சொந்தப் புத்தி என்று நினைத்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலுக்கே உரிய தவறு. அனுபவசாலிகள் இதில் இன்னும் வேகமாக விழுகிறார்கள். நிறையப் படித்தவர்களுக்கு ஒட்டுவதற்கு நிறையத் துண்டுகள் கிடைக்கும் அல்லவா?

இதற்கு மருந்தாகத்தான் நான் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு வழக்கிலும் நம்மில் ஒருவர் மட்டும் விண்ணப்பத்தைப் படிக்கக் கூடாது. அவரிடம் பழைய ஆவணங்களையும் தீர்க்க வேண்டிய சிக்கலையும் மட்டும் கொடுத்து, ‘நீயாக இருந்தால் என்ன செய்வாய்?’ என்று கேட்போம். அவர் தானாகவே அந்தக் கண்டுபிடிப்புக்கு வந்து நின்றால் நம் பக்கம் பலவீனம் என்று தெரிந்துகொள்ளலாம். வேறு திசையில் போனால் தைரியமாக நிற்கலாம். இதை விசாரணையில் சாட்சியாகக் காட்ட முடியாது. நம் மனசுக்கு நாம் பார்த்துக்கொள்ளும் சோதனை, அவ்வளவுதான். இப்படிப் படிக்காமல் இருப்பதற்கு ‘நோம்பு’ என்று பெயர் வைத்தது, என்னோடு வேலைக்குச் சேர்ந்த அனூப். மலையாளிக்கும் தமிழருக்கும் அதே சொல்தான் என்பதால் அலுவலகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “இந்தக் கேஸுக்கு ஆருக்கு நோம்பு?” என்று காலையில் நீங்கள் கேட்கிறீர்களே, அது அங்கிருந்து வந்ததுதான்.

இனி பகவதி அக்கா. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். இயந்திரப் பொறியியல் படித்து ஒரு தொழிற்சாலையில் இருந்தவர். அதை உதறிவிட்டு இங்கே திருவனந்தபுரத்தில், கரமனையில், வீட்டை ஒட்டியே இட்லி மாவு பாக்கெட் போடும் கம்பெனி தொடங்கியிருந்தார். முதல் முறை வந்தபோது வணக்கம்கூடச் சொல்லவில்லை. கட்டைப் பையிலிருந்து தலையணை மாதிரி உப்பிய ஒரு மாவுப் பாக்கெட்டை எடுத்து என் மேசையில் வைத்தார்.

“மக்ளே, மெதுவா தொடு. வெடிச்சா உனக்க கம்ப்யூட்டர் போயிரும், கேட்டியா?”

சிக்கல் இதுதான். அரைத்த மாவு பாக்கெட்டுக்குள் போன பிறகும் புளித்துக்கொண்டே இருக்கும். வாயு சேர்ந்து பாக்கெட் உப்பும். உப்பியதைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் எல்லாக் கம்பெனிகளும் பாக்கெட்டில் ஊசித் துளை போட்டுவந்தன. துளை வழியே வாயு போகும். கூடவே மாவும் கசியும், வெளிக்காற்று உள்ளே போய்ச் சீக்கிரம் கெட்டும் போகும். காப்பிப் பாக்கெட்டில் பொத்தான் மாதிரி ஒரு வால்வு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் வாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. அக்கா அதை மாவுப் பாக்கெட்டில் வைத்துப் பார்த்தார். பொங்கி வந்த நுரை வால்வுக்குள் ஏறிக் காய்ந்து அடைத்துக்கொண்டது. வால்வுக்குக் கீழே ஒரு வலையை ஒட்டிப் பார்த்தார். வலையும் அடைத்துக்கொண்டது, கொஞ்சம் தள்ளி ஒட்டியும் அடைத்தது. பிறகு அந்த வலையை வால்விலிருந்து ஒரு விரல் தள்ளி ஒட்டி, அதில் நல்லெண்ணெய் தடவினார். எண்ணெய் பட்ட நுரை உடைந்து கீழேயே விழுந்தது. வால்வு சுத்தமாக இருந்தது. பாக்கெட் உப்பவில்லை, கசியவும் இல்லை.

விண்ணப்பம் போட்டோம். பாக்கெட் கடைகளுக்குப் போனது. சாலையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா ஆட்டோவை நிறுத்தி விற்பனை நிலவரம் சொல்வார். அப்புறம் ஒருநாள் எதிர்ப்பு மனு வந்தது. பெரிய உணவுக் கம்பெனி, பெயர் வேண்டாம். காப்புரிமை வழங்குவதற்கு முன்பே யாரும் ஆட்சேபம் சொல்லலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது, அந்த இடத்தில் வந்து நின்றார்கள். அவர்கள் வாதம் நறுக்கென்று இருந்தது. வால்வு பழையது. வலை பழையது, புளிக்கவைக்கும் தொட்டிகளில் நுரையை உடைக்க வலை போடுவதுண்டு. எண்ணெய் நுரையை அடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பழையதையெல்லாம் சேர்த்தால் காப்புரிமையா?

அக்காவுக்கு இதில் போவது என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கம்பெனி ஏற்கெனவே கடைகளில் அவருடைய பாக்கெட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டது. காப்புரிமை விழுந்தால் அடுத்த மாதமே அதே பையில் அவர்களுடைய மாவு வரும், எல்லா ஊரிலும். கரமனைக் கம்பெனியும், அதில் வேலை பார்க்கும் பெண்களின் பிழைப்பும் அதோடு முடிந்துவிடும்.

இந்த வழக்கில் நோம்பு அனூப்புக்கு. வேதிப் பொறியியல் படித்தவன், பொருத்தமான ஆள். அவனிடம் ஆவணங்களைக் கொடுக்கலாம் என்று வைத்திருந்த நாளில் நான் ஒரு வேலையாக வெளியே போய்விட்டு மதியம் திரும்பினேன். சாப்பாட்டு அறையில் பெரிய கூட்டம். நடுவில் பகவதி அக்கா, தூக்குப் பாத்திரத்தில் இட்லி, பொடி. ஒரு கையில் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் தட்டோடு அனூப். என்னைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிப்போனது.

“சேச்சி, எண்டெ நோம்பு போயி.”

“ரெண்டு இட்லிதான் வச்சேன்! அதுக்கு ஏன் இந்தப் பையன் இப்படி முழிக்கான்?” என்றார் அக்கா.

“அக்கா, எண்ணெய் விஷயத்தையும் சொல்லிட்டீங்களா?”

“சொல்லாம? அதுதான மக்ளே விஷயமே! வேற என்னத்தச் சொல்ல?”

அனூப் தட்டைக் கீழே வைத்தான். “சேச்சி, சத்யமா ஒரு காரியம் பறயட்டே? கேட்ட உடனே, இது எனக்கே தோணியிருக்கும்னு தோணுது. அதாணு எனக்கு பேடி.”

அவன் பயந்ததில் நியாயம் இருந்தது. இரண்டு நிமிடம் முன்பு வரை தெரியாத ஒன்று, கேட்டதும் எப்போதோ தெரிந்ததுபோல் ஆகிவிட்டது. காப்புரிமைத் துறையின் விசாரணை அதிகாரிக்கும் அப்படித்தான் ஆகும். அவரும் நம் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுத்தானே வரப்போகிறார்? நம் அலுவலகத்தில் இட்லி சாப்பிடாதவர் ஒருவர்கூட மிச்சமில்லை. எல்லாருடைய நோம்பும் ஒரே மதியத்தில் முறிந்திருந்தது.

புதிதாக ஒரு ஆள் பிடிக்கலாம் என்று யோசித்தேன். எப்படிப்பட்ட ஆள்? காப்பி வால்வைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். மாவுப் பாக்கெட் உப்புகிற சிக்கலும் தெரிந்திருக்க வேண்டும். அடுப்படியில் எண்ணெய் என்ன செய்யும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அக்காவின் பாக்கெட்டைப் பார்த்திருக்கக் கூடாது. திருவனந்தபுரத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்? யோசித்துக்கொண்டே எதிர்ப்பு மனுவை மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தேன். முதல் பக்கத்தை நாம் யாரும் படிப்பதில்லை. அது கம்பெனி தன்னைப் பற்றித் தானே பேசிக்கொள்கிற இடம். காப்பித் தூள், மசாலா, இட்லி மாவு ஆகிய எல்லாவற்றிலும் நீண்டகால அனுபவம் கொண்ட முன்னோடி நிறுவனம் என்று எழுதியிருந்தார்கள். காப்பி வால்வு பற்றி அவர்கள் காட்டிய பழைய ஆவணம் யாருடையது என்று பார்த்தேன். அவர்களே வாங்கிய காப்புரிமை.

நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். எனக்கு வேண்டிய ஆள் கிடைத்துவிட்டார். ஒரே கூரையின் கீழ் காப்பியும் போடுகிறார்கள், மாவும் போடுகிறார்கள். வால்வு அவர்களுடையது. உப்பும் சிக்கலும் அவர்களுடையது. அக்காவின் பாக்கெட் வரும் வரைக்கும், இத்தனை ஆண்டுகளாக, நோம்பு இருந்தது அவர்கள்தான். அத்தனை நாளும் மாவுப் பாக்கெட்டில் ஊசித் துளைதான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பழைய காப்புரிமையை வரி வரியாகப் படித்தபோது இன்னொன்றும் கிடைத்தது. வறுத்த காப்பிக் கொட்டையிலிருந்து கசியும் எண்ணெய் வால்வில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பட்டால் வால்வு ஒட்டிக்கொள்ளும் என்று அவர்களே எச்சரித்திருந்தார்கள். அனூப்பிடம் காட்டினேன். வாங்கிப் படித்தான்.

“இது வாயிச்சிட்டு ஞான் வால்வு பக்கத்துல எண்ணெய் கொண்டு வரவே மாட்டேன்” என்றான். “எனக்கே தோணியிருக்கும்னு சொன்னது வெறுதே, சேச்சி.”

விசாரணை காணொளியில் நடந்தது. நம் அலுவலகத்தின் சின்ன அறையில் நானும் அக்காவும். பேச்செல்லாம் ஆங்கிலத்தில், உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நல்ல பேச்சாளர். ஆவணங்களை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டுக் கடைசியில் சிரித்துக்கொண்டே, “ஐயா, பருப்பு பொங்கி வழிந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது எந்த வீட்டில் தெரியாது? அதற்குக் காப்புரிமை கொடுத்தால் நாளைக்கு நம் சமையலறைக்கே நோட்டீஸ் வரும்” என்றார். விசாரணை அதிகாரியும் சிரித்துவிட்டார். விசாரணையில் அதிகாரியைச் சிரிக்கவைத்த வாதத்தை உடைப்பது கஷ்டம்.

“பருப்புக்கும் பாக்கெட்டுக்கும் என்னட்டி சம்பந்தம்? சொல்லு, சொல்லு!” என்று அக்கா என் முழங்கையை இடித்தார். நல்லவேளை, மைக் அணைந்திருந்தது.

நான் பருப்பை மறுக்கவில்லை. இதைக் கவனியுங்கள். உண்மையை மறுத்தால் நீங்கள் சொல்லும் மற்றதையும் நம்ப மாட்டார்கள். “எங்கள் வீட்டிலும் எண்ணெய் விடுவோம்” என்றேன். “கேள்வி, சேர்க்க முடியுமா என்பது அல்ல. முடியும், சேர்த்ததை நாம் பார்த்துவிட்டோம். பார்க்காமல் இருந்த ஒருவர் சேர்த்திருப்பாரா என்பதுதான் கேள்வி. சமையலறையில் எண்ணெயைப் பற்றித் தெரிந்தவருக்கு இந்த வால்வு தெரியாது. வால்வைப் பற்றித் தெரிந்தவர் எண்ணெயைக் கண்டால் பயப்படுவார். நான் சொல்லவில்லை, எதிர்த்தரப்பின் சொந்தக் காப்புரிமை சொல்கிறது.” பக்கத்தைக் காட்டினேன். பிறகு எதிர்ப்பு மனுவின் முதல் பக்கத்தைக் காட்டினேன். “வால்வும், மாவும், சிக்கலும், சமையலறை அறிவும் நீண்டகாலமாக இந்த ஒரே நிறுவனத்திடம் இருந்தன என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் செய்தது ஊசித் துளை. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்றால், இவர்களுக்கு மட்டும் ஏன் தெரியாமல் போனது?”

யாரும் சிரிக்கவில்லை. வழக்கறிஞர் மனுவைப் புரட்டினார். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தத்தை அதிகம் கேட்டதில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார். “நீங்கள் சொல்வதெல்லாம் எண்ணெய் தடவிய, தள்ளி வைத்த வலைக்குப் பொருந்துகிறது. ஆனால் உங்கள் முதல் கிளெயிமில் எண்ணெயும் இல்லை, இடைவெளியும் இல்லை. நுரையை உடைக்கும் எந்த அமைப்பும் என்று இருக்கிறதே? அது புதிதல்ல என்று காட்டத் தொட்டியில் போடும் வலையே போதாதா?”

கிளெயிம் என்பது நம் நிலத்துக்கு வேலி மாதிரியான வாக்கியம். அதற்குள் இருப்பதெல்லாம் கண்டுபிடித்தவருக்கு. அக்காவின் வேலியை நாங்கள் அகலமாகப் போட்டிருந்தோம். தெரிந்தேதான், முதலில் அகலமாகக் கேட்பது தொழில் வழக்கம். இப்போது முடிவு வேண்டும். அகலமான வேலிக்காகச் சண்டை போடலாம், கொஞ்சம் வாய்ப்பும் இருந்தது. தோற்றால் உள்ளே இருப்பதும் சேர்ந்து போகும். வேலியை உள்ளே இழுத்தால் நிச்சயமாக நிற்கும். ஆனால் பூமி அக்காவுடையது. விட்டுக்கொடுக்க நான் யார்? கட்சிக்காரரிடம் பேச அனுமதி கேட்டு மைக்கை அணைத்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னை முறைத்தார்.

“நீ எனக்க பக்கமா, அவனுவ பக்கமா?”

“உங்க பக்கம்தான்.”

“அப்பம் ஏன் விடணும்? வலை எல்லாம் நம்மளது. எண்ணெய் உள்ளது, இல்லாதது, சகலமும். ஒண்ணையும் விடமாட்டேன்.”

“எண்ணெய் இல்லாத வலைய நீங்க போட்டுப் பாத்தீங்கல்ல அக்கா?”

“பாத்தேன்.”

“என்ன ஆச்சு?”

“அடச்சுது.”

“ஒட்டி வச்ச வலை?”

“அதுவும் அடச்சுது.” குரல் இறங்கியிருந்தது.

“அடைச்சுக்கிற வலை உங்களுக்கு எதுக்கு? அவங்க எடுத்துக்கட்டும். உழைக்கிற வலைய நாம வச்சுக்குவோம்.”

திரையில் எல்லாரும் காத்திருந்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “தோத்தா உன்ன விடமாட்டேன், கேட்டியா.”

“விடாதீங்க.”

“செரி. சொல்லித் தொலை.”

மைக்கைத் திறந்து, முதல் கிளெயிமை எண்ணெய் தடவிய, வால்விலிருந்து இடைவெளி விட்ட வலை என்று சுருக்குவதாகச் சொன்னேன். எழுத்தில் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தோம். எதிர்த்தரப்பும் எழுதிக் கொடுத்தது. அதன் பிறகு காத்திருப்பு. கரமனை வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அக்காவைப் பார்த்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். அவரும் என்னை அழைக்கவில்லை. நீங்கள் எடுத்த முடிவு சரி என்று உங்களுக்குத் தெரிந்தாலும், அதன் விலை இன்னொருவரின் பிழைப்பு என்றால் சோறு சரியாக இறங்காது. இறங்கினால் நீங்கள் இந்தத் தொழிலுக்கு வேண்டாம்.

உத்தரவு வந்தது. எதிர்ப்பு தள்ளுபடி, சுருக்கிய கிளெயிமுக்குக் காப்புரிமை. துண்டுகள் எல்லாம் பழையவையாக இருந்தாலும், எதிர்த்தரப்பின் ஆவணமே எண்ணெயை விலக்கச் சொல்லியிருக்கும்போது அவற்றைச் சேர்க்கத் தூண்டியது எது என்று எதிர்த்தரப்பால் காட்ட முடியவில்லை என்பதே காரணத்தின் சாரம். அனூப் அதை உரக்கப் படித்தான், மூன்று தடவை. நான் தடுக்கவில்லை. தொலைபேசியில் அக்காவிடம் சொன்னபோது அந்தப் பக்கம் கிரைண்டர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “எட்டி, எல்லாரும் கிரைண்டர நிறுத்துங்கட்டி!” என்று கத்தினார். அதுவும் நின்றது.

உங்களிடம் சொல்ல நினைத்தது இதற்கு அடுத்தது. அகலமான வேலியை விட்டதில் அக்காவுக்கு உள்ளுக்குள் வருத்தம் இருந்தது. அந்தக் கம்பெனியும் அதைத்தான் கொண்டாடியது. நாம் விட்ட இடத்தில் உடனே வந்து இறங்கினார்கள்: வால்வு உண்டு, வலை உண்டு, எண்ணெய் கிடையாது. பாக்கெட் பளபளவென்று இருந்தது. கடைகளில் முன்வரிசையில் அடுக்கினார்கள். சீக்கிரமே ஒவ்வொன்றாக உப்ப ஆரம்பித்தன. கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். வேறு நெய்த துணி, வேறு வலை என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள், எல்லாம் அடைத்தன. நாம் விட்டுக்கொடுத்த நிலத்தில் எதுவும் முளைக்காது என்பதை அவர்கள் செலவிலேயே கண்டுபிடித்தார்கள்.

கடைசியில் அந்தக் கம்பெனியின் மேலாளர் ஒருவர் கரமனைக்கே வந்தார், பையைப் பயன்படுத்த அனுமதி கேட்டு. என்னையும் அக்கா கூப்பிட்டிருந்தார். மாவு வாடை அடிக்கும் முன்னறையில், பிளாஸ்டிக் நாற்காலியில், மேலாளர் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தார். கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஆரம்பித்தார்.

“மேடம், என்ன இருந்தாலும்... யோசிச்சுப் பாத்தா, அது வெறும் எண்ணெய்தானே?”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

“ஆமா சார், வெறும் எண்ணெய்தான். நாங்க என்ன மறைச்சா வச்சோம்? வேண்டாம்னா விட்டுருங்க, நீங்க வேற எதயாவது தடவிப் பாருங்க.”

மேலாளர் பேனாவை எடுத்தார்.